ஏற்கெனவே பயன்படுத்திய ஸ்டீம் கீ: பணத்தைத் திரும்பப் பெற வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மலிவு விலையில் கேம் கீ விற்கும் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் வாங்கிய ஸ்டீம் கீயை (ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் கேமைத் திறக்கும் குறியீடு) என் கணக்கில் போட்டால் 'டூப்ளிகேட் புராடக்ட் கோட்' என்று வருகிறது. இது ரீஜன் லாக் (சில நாடுகளில் மட்டும் கீ வேலை செய்யும் கட்டுப்பாடு) அல்ல, அதற்கு வரும் செய்தியே வேறு. கீ ஏற்கெனவே வேறொரு கணக்கில் ஏறிவிட்டது. விற்றவர்களோ, "கீயைத் திறந்து பார்த்துவிட்டீர்கள், பணம் திரும்பாது" என்று ஒரே பதிலையே ஒட்டுகிறார்கள். அநியாயம் இது.

வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும் என்ற ஸ்டீமின் ரீஃபண்ட் விதி வெளியில் வாங்கிய கீக்குப் பொருந்தாது. மிச்சம் இருப்பது கார்டு வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேட்பது) மட்டும்தான். பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட், ஆர்டர் எண், சாட் பதிவு எல்லாம் கையில் உண்டு. காரணத்தை 'பொருள் கிடைக்கவில்லை' என்று போடுவதா, 'பொருளில் குறைபாடு' என்றா? வெளிநாட்டு விற்பனையாளர் மீது 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் எடுப்பார்களா? பணம் திரும்பக் கிடைத்தவர்கள் சொல்லுங்கள்.