கஸ்தூரி மஞ்சள் அசல்தானா, எப்படிக் கண்டுபிடிப்பது?

தோழிகளே, ஓர் உதவி வேண்டும். மகளுக்கு 16 வயது. எண்ணெய் வழியும் முகம், நெற்றியிலும் தாடையிலும் பரு. பாட்டி சொன்ன கணக்கில் பாசிப்பயறு கால் கிலோ, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, காய்ந்த வேப்பிலை, ரோஜா இதழ் தலா 50 கிராம் வாங்கிக் காயவைத்து அரைத்தேன். மிளகாய் அரைத்த மில்லில் கொடுத்தால் முகம் என்னாகும் என்று பயந்து வீட்டு மிக்சியிலேயே அரைத்து, வெள்ளைத் துணியில் இரண்டு தரம் சலித்தேன். தும்மல்தான் மிச்சம்!

தயிரில் குழைத்துப் போட்டுப் பத்து நிமிடத்தில் கழுவினாள். முகம் மஞ்சளாகவே நின்றுவிட்டது, துண்டிலும் கறை. கஸ்தூரி மஞ்சள் அப்படிக் கறை பிடிக்காது, கற்பூர வாசம் வரும் என்பார்கள். இதில் சமையல் மஞ்சள் வாசம்தான். கடைக்காரர் வேறு கிழங்கைத் தள்ளிவிட்டார் என்று நினைக்கிறேன். கிழங்காக வாங்கும்போது உடைத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி?

அப்புறம், தோல் மருத்துவர் பருவுக்கு இரவில் தடவ 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல் கொடுத்திருக்கிறார். அதுவே தோலை உலர்த்துகிறது. அதை நிறுத்தப் போவதில்லை. கூடவே வாரம் ஒருமுறை இந்தப் பொடியும் போட்டவர்கள் யாராவது உண்டா? எரிச்சல் வந்ததா? எலுமிச்சைச் சாறு யோசனை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே பட்டாயிற்று.