கடைசி எபிசோட் சொதப்பினால் முழுத் தொடரும் வீணா?

கடைசிவரிசை
போன வாரம் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடர் பற்றிப் பேச்சு வந்தது. நண்பன் ஒருவன் “அதை எல்லாம் பார்க்காதே, முடிவு குப்பை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். 2011இல் தொடங்கி 2019இல் முடிந்த தொடர். 8 சீசன், 73 எபிசோட். சொதப்பல் என்று எல்லோரும் சொல்வது கடைசி சீசனின் 6 எபிசோடைத்தான். மிச்சம் 67 எபிசோடை நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தோமே, அது எந்தக் கணக்கில் சேரும்? முடிவு பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் சொல்லுங்கள். தொடரே குப்பை என்பது அநியாயம்.

(பேச்சு முழுக்க முடிவுகளைப் பற்றித்தான். பார்க்காதவர்கள் இப்போதே ஓடிவிடுங்கள்.)

ரிமோட்ராணி
இதில் என்ன அநியாயம்? கச்சேரியில் கடைசிப் பாட்டு பிசகினால் முன்னால் பாடியது கெடாது. கதையில் கெடும். அரியணைக்காகப் போராடும் டெனேரிஸ் அடிமைகளை விடுவித்தபோது கைதட்டிப் பார்த்தவள் நான். கடைசியில் எதிரி சரணடைந்து மணி அடித்த பிறகும் நகரத்தைக் கொளுத்துகிறாள். அவளுக்குள் அந்தக் கொடூரம் முதலிலிருந்தே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நிதானமாக அழைத்துப் போக வேண்டிய இடத்துக்கு முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்கள். இப்போது அந்தப் பழைய காட்சியைப் போட்டால் கை எழவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

கடைசிவரிசை
தாழி உடைந்தது சரி. நான் வெண்ணெய்க்காகக் கடையவில்லையே மேடம், கடைவதுதான் சுகமாக இருந்தது. அப்புறம் ஒன்று: அதே கடைசி சீசன்தான் எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருதுக்கு 32 பரிந்துரைகளை வாங்கியது. சிறந்த நாடகத் தொடர் விருதும் அதற்குத்தான்.

ரிமோட்ராணி
திறமையான ஆட்களோடு மறுபடி எடுங்கள் என்று இணையத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டதும் அதே சீசனுக்குத்தான். விருதுக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஒளிப்பதிவையும் உடையையும் பார்த்திருப்பார்கள். எனக்குக் கதை வேண்டும்.

அரைத்தூக்கம்
ஒளிப்பதிவா? மூன்றாவது எபிசோடில் பெரிய போர் நடக்கிறது, எனக்குத் திரையில் என் முகம்தான் தெரிந்தது. டிவி கெட்டுவிட்டது என்று எழுந்து போய்த் தட்டிப் பார்த்தேன். ஒளிப்பதிவாளரோ பிரச்சினை பார்ப்பவர்களின் டிவி அமைப்பில் இருக்கிறது என்றார். அடுத்த எபிசோடில் வெளிச்சம் வந்தது, கூடவே விருந்து மேசையில் காப்பிக் கோப்பையும் வந்தது! அதைப் பிறகு கணினியில் அழித்தார்கள்.

விளையாட்டு போகட்டும். நீங்கள் இருவருமே கடைசி சீசனைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். எனக்கு அது முன்னாலேயே விட்டுப்போனது. முதல் எபிசோடில் அரசர் வடக்கே வந்து இறங்குகிறார். ஒரு மாதமாகப் பயணம் செய்திருக்கிறோம் என்று அரசி அலுத்துக்கொள்கிறாள். அந்த ஒரு வரியிலேயே நாடு எவ்வளவு பெரியது என்று புரிந்துவிடும். ஏழாவது சீசனில் வடக்கு எல்லையிலுள்ள பனிச்சுவருக்கு அப்பால் சிக்கிய கூட்டத்தில் ஒருவன் உதவி கேட்டு ஓடுகிறான், காகம் சேதியோடு பறக்கிறது, தெற்கே வெகு தூரத்திலிருந்து டெனேரிஸின் டிராகன் வந்து இறங்குகிறது. எல்லாம் ஒரே எபிசோடில். தூரம் என்ற ஒன்றே இல்லாமல் போன பிறகு யார் எங்கே மாட்டினால் எனக்கென்ன?

மெதுநடை
டேனியல் கானமன் என்ற உளவியலாளர் 2002இல் பொருளாதார நோபல் வாங்கியவர். ஒருவர் இருபது நிமிடம் அருமையான இசையைக் கேட்டாராம். இசைத்தட்டின் கடைசியில் காதைக் கிழிக்கும் கிறீச் சத்தம். “மொத்த அனுபவமும் நாசம்” என்றாராம். கானமன் சொன்னது: அனுபவம் நாசமாகவில்லை, அந்த இருபது நிமிடத்தை அவர் ஏற்கெனவே அனுபவித்தாயிற்று. நாசமானது நினைவுதான். கடைசிவரிசை சொல்வதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ரிமோட்ராணி
அருமையான உதாரணம், ஆனால் எனக்குத்தான் சாதகம். பார்த்து முடித்த தொடரில் நினைவைத் தவிர என் கையில் வேறு என்ன இருக்கிறது?

மெதுநடை
அந்த நினைவும் சில நேரம் பொய்தானே! விமான விபத்தில் தப்பித் தீவில் மாட்டியவர்களின் கதையான ‘லாஸ்ட்’ 2010இல் முடிந்தது. “எல்லோரும் விமான விபத்திலேயே செத்துவிட்டார்கள், தீவே பொய்” என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கடைசி எபிசோடிலேயே நாயகன் ஜாக்கிடம் அவன் அப்பா நடந்தது எல்லாம் நிஜம் என்று சொல்கிறார். பெயர்கள் ஓடும்போது ஆளில்லாத கடற்கரையில் விமானச் சிதைவைக் காட்டினார்கள். பதற்றமான காட்சி முடிந்ததும் சட்டென்று செய்திக்குத் தாவ வேண்டாமே என்று தொலைக்காட்சிக்காரர்கள் சேர்த்த படங்கள் அவை. அதைப் பார்த்து ஜனம் வேறு முடிவை எழுதிக்கொண்டது. நடக்காத முடிவுக்காகத் தொடரைத் திட்டுகிறார்கள்!

அரைத்தூக்கம்
எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அதனாலேயே தொடவில்லை. ஆறு சீசன் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன், கெடுத்துவிட்டீர்கள்.

ரிமோட்ராணி
சரி, அதை விட்டுத்தருகிறேன். ‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’ பற்றி என்ன சொல்வீர்கள்? அம்மாவைச் சந்தித்த கதையை அப்பா பிள்ளைகளுக்குச் சொல்லும் தொடர், 208 எபிசோட். பிள்ளைகளாக நடித்தவர்கள் வளர்ந்துவிடுவார்கள் என்று அவர்கள் பேசும் கடைசிக் காட்சியை ஆரம்ப வருடங்களிலேயே எடுத்து வைத்துவிட்டார்கள். இடையில் கதை வேறு பக்கம் வளர்ந்தது. எடுத்து வைத்த காட்சிக்காக அதை இழுத்து வந்து கட்டினார்கள். ஒன்பதாவது சீசன் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே கல்யாணம். அந்தக் கல்யாணம் கடைசி எபிசோடில் சில நிமிடத்தில் விவாகரத்து. ஒன்பது வருடம் காத்திருந்து பார்த்த அம்மாவும் செத்துப்போகிறாள். இதற்குமா கடைந்த சுகம்?

கடைசிவரிசை
இதில் மட்டும் எனக்கு வாய் இல்லை. டிவிடியில் இன்னொரு முடிவு இருக்கிறது, அம்மா சாகாத முடிவு. ரயில் நிலையத்தில் மஞ்சள் குடையோடு சந்திப்பதோடு முடியும். என் தங்கை பார்த்தபோது ரிமோட் என் கையில் இருந்தது. ஒளிபரப்பான முடிவுக்குப் பதிலாக அதைப் போட்டுவிட்டேன். அதுதான் முடிவு என்று இன்றுவரை நம்புகிறாள்.

ரிமோட்ராணி
அப்போ முடிவு முக்கியம் இல்லை என்று இவ்வளவு நேரம் வாதாடியது யார்?

கடைசிவரிசை
அவள் அழுவாள் மேடம். நீங்கள் அழ மாட்டீர்கள், சண்டைதான் போடுவீர்கள்.