புதுப்பிப்பு: நெப்டியூன் ஜேட் கப்பல் நின்றது எப்படி?

அமெரிக்காவில் ஆதரவு வேலைநிறுத்தத்துக்கு (வேறு இடத்துத் தொழிலாளர்களுக்காகச் செய்வது) 1947 முதல் தடை இருக்க, இங்கிலாந்தின் லிவர்பூலில் வேலையிலிருந்து வெளியேற்றப்பட்ட துறைமுகத் தொழிலாளர்களுக்காக 1997 செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து துறைமுகத்தில் இந்தக் கப்பலின் சரக்கை இறக்கத் தொழிலாளர்கள் மறுத்தது எப்படி என்று முந்தைய இழையில் கேட்டிருந்தார்கள்.

ஓக்லாந்து துறைமுகத் தொழிலாளர் சங்கம் எதையும் அறிவிக்கவில்லை, அதுதான் சூட்சுமம். வாசலில் மறியல் செய்தவர்கள் மாணவர்களும் வேறு சங்கத்தினரும். ஷிப்டுக்கு வந்தவர்கள் அந்த வரிசையைத் தாண்டவில்லை. தாண்டுவது பாதுகாப்பா என்று ஒப்பந்தப்படி நடுவர் வந்து சொல்ல வேண்டும். அதுவரை கிரேன் அசையாது. இங்கிலாந்தின் தேம்ஸ்போர்ட் துறைமுகத்தில் ஏற்றிய அந்தக் கன்டெய்னர்களை வான்கூவர், யோகோஹாமா, கோபே தொழிலாளர்களும் தொடவில்லை. என்ன ஒரு கட்டுக்கோப்பு!

பிறகு ஓக்லாந்தில் துறைமுக முதலாளிகள் அமைப்பு மறியல்காரர்கள் மீதே வழக்குப் போட்டது. லிவர்பூலிலோ, சட்டத்துக்கு அஞ்சி சொந்தச் சங்கமே போராட்டத்தை அங்கீகரிக்கவில்லை. 1998 ஜனவரியில், போன வேலை திரும்பாமலே அது முடிந்தது.