எஞ்சின் சூடானதும் பெட்ரோல் பம்ப் நின்றுவிடுகிறது: ரிலே சாக்கெட்டைச் சோதிக்க உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். என்னுடைய பழைய பெட்ரோல் கார் காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் எஞ்சின் நன்கு சூடான பிறகு ஓட்டத்திலேயே நின்றுவிடுகிறது. அப்போது சாவியை ஆன் செய்தால், பம்ப் ரிலே (பம்புக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) 'டிக்' என்று இழுப்பது காதில் விழுந்தாலும், டேங்கிலிருந்து வழக்கமாக இரண்டு விநாடி கேட்கும் பம்பின் ரீங்காரம் கேட்பதில்லை.

ரிலே இழுப்பதால் 85, 86 முனைகளின் (ரிலேயின் காயில் முனைகள்) பக்கம், அதாவது ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) தரும் கட்டளை, சரியாக இருப்பதாகவே கருதுகிறேன். சாக்கெட்டின் அடியில், வயர் நுழையும் இடத்தில் மல்டிமீட்டர் முனையைச் செருகிப் பார்த்தபோது, பேட்டரி மின்சாரம் வரும் 30-ஆம் முனையில் 12.3 வோல்ட் இருக்க, பம்புக்குச் செல்லும் 87-ஆம் முனையில் 7 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. அதே வகை ஹார்ன் ரிலேயை மாற்றிப் போட்டும் நிலைமை மாறவில்லை. ஆனால் ரிலேயைக் கழற்றிவிட்டு, பியூஸ் வைத்த வயரால் 30-ஐயும் 87-ஐயும் இணைத்தவுடன் பம்ப் முழு வேகத்தில் ஓடுகிறது. எனவே பம்ப், அதன் எர்த், டேங்க் வரை செல்லும் வயர் ஆகியவற்றின் மீது எனக்குச் சந்தேகமில்லை.

87-ஆம் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் சற்றே பழுப்பேறியிருக்கிறது. உள்ளிருக்கும் பெண் டெர்மினல் (ரிலேயின் கால் நுழையும் உலோகப் பிடி) விரிந்து, ரிலேயின் காலை இறுக்கிப் பிடிக்காமல் சூடேறுகிறது என்பது என் கணிப்பு, அது சரிதானா? அந்த டெர்மினலை மட்டும், அதைச் சாக்கெட்டில் பிடித்து நிறுத்தும் பூட்டு நாக்கு உடையாமல் எப்படி வெளியே எடுப்பது? பழுப்பேறிய சாக்கெட்டில் புது டெர்மினல் நிலைத்து நிற்குமா, அல்லது சாக்கெட்டையே மாற்றுவதுதான் பாதுகாப்பா? ஓடும்போதே நிற்கும் வண்டியில் குடும்பத்தை ஏற்றிச் செல்ல மனம் வரவில்லை. இதே பழுதைச் சரிசெய்தவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.