மாட்டுக்கு பாஸ்பரஸ் கொடுக்கணுமாம், அம்மாவுக்குக் குறைக்கணுமாம்: இரண்டும் ஒரே பாஸ்பரஸ்தானா?

பட்டிவாசல்:
வணக்கம். எங்கள் பசு கன்று ஈன்றதிலிருந்து எலும்பு, துணி, மரப்பட்டை என்று கிடைப்பதையெல்லாம் மெல்லுகிறது. தீனி எடுப்பது குறைந்துவிட்டது, பருவத்துக்கும் வரவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், பாஸ்பரஸ் குறைவு என்றார். பெரும்பாலும் வைக்கோலும் காய்ந்த தட்டையும்தான் போடுகிறேன். நக்குவதற்கு உப்புக்கட்டி கட்டியிருக்கிறேன்.

அதே வாரம் அம்மாவின் பரிசோதனை முடிவும் வந்தது. அவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது, டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. ரத்தத்தில் பாஸ்பரஸ் 5.8. பால், பயறு, கொட்டை வகைகளைக் குறைக்கச் சொல்லி ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அம்மா பயந்துபோய் பயறு வகைகளை அடியோடு நிறுத்திவிட்டார், ஆளும் மெலிந்துகொண்டே வருகிறார்.

கேட்க நினைப்பது இரண்டு. பசுவுக்குத் தவிடு மட்டும் கூட்டினால் போதுமா? அம்மா பயறைத் தொடவே கூடாதா?

கொம்பும்குளம்பும்:
நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். பசுவைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு லிட்டர் பாலோடு ஏறக்குறைய 1 கிராம் பாஸ்பரஸ் வெளியே போகிறது. கறவைப் பசுவின் தீவனத்தில், உலர்நிலைக் கணக்கில், 0.35 சதவீதம் அளவுக்காவது அது இருக்க வேண்டும். வைக்கோலில் 0.1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். வயிறு நிறைந்தாலும் பாஸ்பரஸ் கிடைக்காது. எலும்பைத் தேடி மெல்லுவது இந்தக் குறையின் பழைய அடையாளம். ஆனால் குடற்புழு, உப்புக் குறைவு போன்றவற்றாலும் கண்டதை மெல்லும். ரத்தம் பார்த்துச் சொன்னது நல்லது.

தவிட்டில் பாஸ்பரஸ் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அதில் பெரும்பகுதி பைடேட் என்ற வடிவத்தில் பூட்டிக் கிடக்கும். அசைபோடும் மாடு அதற்குக் கவலைப்பட வேண்டாம். முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் பைடேட்டை உடைத்துவிடும். ஆகவே உங்கள் பசுவுக்குத் தவிடு நிஜமாகவே பாஸ்பரஸ் கொடுக்கும்.

ஆனால் தவிடு மட்டும் வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். தவிட்டில் கால்சியம் மிகக் குறைவு. கால்சியம் இல்லாமல் பாஸ்பரஸ் மட்டும் ஏறினால் உடம்பு எலும்பைக் கரைத்துச் சமன்செய்யப் பார்க்கும். தவிட்டையே முக்கியத் தீனியாகத் தின்ற குதிரைகளுக்கு முகத்து எலும்பு வீங்கிப்போகும். தானியம் அதிகம் தின்னும் கிடாய்களுக்குச் சிறுநீர்க் குழாயில் கல் அடைத்து உயிரே போகும். பயறு வகைப் பசுந்தீவனம் கொஞ்சம் சேருங்கள், அதில் கால்சியம் நிறைய உண்டு. தினமும் தாது உப்புக் கலவை கொடுங்கள். வாங்கும்போது உறையில் பாஸ்பரஸ் சதவீதம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கலவைகளில் சேர்க்கும் டைகால்சியம் பாஸ்பேட்டில் அது சுமார் 18 சதவீதம். நீங்கள் கட்டியிருப்பது வெறும் உப்புக்கட்டி என்றால் அதில் பாஸ்பரஸ் துளிகூட இருக்காது.

இன்னொன்று. ஈன்ற சில வாரங்களுக்குள் சிறுநீர் சிவப்பாகவோ காபி நிறத்திலோ போனால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பாஸ்பரஸ் மிகவும் குறைந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும். நிறம் மாறிய பிறகு காத்திருந்து இழந்த பசுக்களைப் பார்த்திருக்கிறேன்.

அடைகோழி:
கோழி, பன்றி வளர்ப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றுக்கு அந்த இரைப்பை கிடையாது, தானியத்தில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி எச்சத்தோடு போய்விடும். அதனால்தான் பைடேட்டை உடைக்கும் பைடேஸ் நொதியைத் தீவனத்தில் சேர்க்கிறோம். 1991-ல் நெதர்லாந்தில் அது விற்பனைக்கு வந்த பிறகு தீவனத்தில் பாஸ்பேட் உப்பைக் குறைக்க முடிந்தது, எச்சத்தோடு மண்ணுக்கும் நீர்நிலைக்கும் போவதும் குறைந்தது.

உப்புக்கணக்கு:
நான் சிறுநீரக நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்பவள். அம்மா பயறை அடியோடு நிறுத்தியதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

பொதுவாக ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் பாஸ்பரஸ் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்கலாம். 5.8 அதிகம்தான். ஆனால் உணவில் இருக்கும் பாஸ்பரஸ் அத்தனையும் ரத்தத்துக்குப் போவதில்லை. மனிதக் குடலிலும் பைடேட்டை உடைக்கும் நொதி கிட்டத்தட்ட இல்லை. அதனால் பயறு, தானியத்தில் உள்ள பாஸ்பரஸில் பாதிக்கும் குறைவாகத்தான் பெரும்பாலும் சேரும். பால், இறைச்சியிலிருந்து அதைவிடக் கூடுதலாகச் சேரும். பொட்டலம் கட்டி விற்கும் உணவுகளில் கலக்கும் பாஸ்பேட் உப்புகள் ஏறக்குறைய முழுதாகவே, 90 சதவீதம் வரை, சேர்ந்துவிடும். பதப்படுத்திய இறைச்சி, பாலாடைக்கட்டி, கருநிற கோலா பானம் எல்லாவற்றையும் பாருங்கள். பாஸ்பரஸ் எத்தனை மில்லிகிராம் என்று பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். சேர்மானப் பட்டியலில் 'பாஸ்பேட்', 'பாஸ்பாரிக் அமிலம்', அல்லது 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரை எண்கள் இருந்தால் வாங்காதீர்கள். முதலில் நிறுத்த வேண்டியவை இவைதான்.

பயறை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். பாஸ்பரஸ், பொட்டாசியம் இரண்டும் ஓரளவு குறையும். முளைகட்ட வேண்டாம். முளைக்கும்போது பைடேட் உடையும், மற்றவர்களுக்கு அதனால் இரும்பும் துத்தநாகமும் நன்றாகச் சேரும், ஆனால் பாஸ்பரஸும் கூடவே சேரும். எவ்வளவு பயறு, எவ்வளவு பால் என்பதை அவருடைய மருத்துவர் பொட்டாசிய அளவையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். புரதம் குறைந்து மெலிவதும் ஆபத்து, அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்களா? அது குடலில் சாப்பாட்டோடு கலந்துதான் வேலை செய்யும். வெறும் வயிற்றில் போட்டால் அதற்குரிய பலன் கிடைக்காது.

பட்டிவாசல்:
இருவருக்கும் மிகவும் நன்றி. அம்மா அந்த மாத்திரையைக் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில்தான் போடுகிறார், மருத்துவரிடம் நாளைக்கே கேட்கிறேன். கட்டியின் உறையையும் பார்த்தேன், வெறும் உப்புதான். சார், அதுவரை எலும்பை மென்றால் மென்றுவிட்டுப் போகட்டும் என்று விடலாமா? எலும்புத்தூள் கொடுக்கலாமா?

கொம்பும்குளம்பும்:
இரண்டும் வேண்டாம். 1920 வாக்கில் தென்னாப்பிரிக்காவில் ஆர்னால்ட் தைலர் என்ற கால்நடை மருத்துவர், கால்கள் செயலிழந்து சாகும் மாடுகளை ஆராய்ந்தார். பாஸ்பரஸ் இல்லாத மேய்ச்சல் நிலத்தில் அவை செத்த விலங்குகளின் எலும்பைத் தின்றன. அந்த எலும்பில் இருந்த, பாட்டுலிசம் என்ற முடக்கும் நோயைத் தரும் கிருமியின் நஞ்சுதான் கொன்றது. அவர் எலும்புத்தூள் கொடுத்ததும் மாடுகள் எலும்பு தின்பதை விட்டன, உடம்பும் தேறியது. ஆனால் இறைச்சி, எலும்புத்தூள் கலந்த தீவனத்தால் பரவிய பைத்தியமாட்டு நோய்க்குப் பிறகு பல நாடுகளில் மாட்டுக்கு எலும்புத்தூள் கொடுக்கத் தடை இருக்கிறது. டைகால்சியம் பாஸ்பேட் சேர்த்த கலவையே போதும்.

மேயும் இடத்தில் கிடக்கும் எலும்புகளை இன்றைக்கே பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள், நாய் தோண்டாத ஆழத்தில். மெல்லும் பழக்கம் உடனே நிற்காது, சில வாரம் ஆகலாம். கலவையை மட்டும் நடுவில் விட்டுவிடாதீர்கள்.