கவாத்து: கத்தியா, இயந்திரமா?

கோத்தகிரி சிறுவிவசாயி:
எங்கள் 2 ஏக்கர் தேயிலையைக் கவாத்து செய்து, அதாவது செடியைத் தாழ வெட்டிவிட்டு, 6 வருஷம் ஆகிறது. செடி உயர்ந்து, பறிக்கிறவர்களுக்குக் கை எட்டவில்லை, கொழுந்தும் குறைந்துவிட்டது. ஊரில் கத்தி பிடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான், இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. தோளில் மாட்டும் பெட்ரோல் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாமா?

குன்னூர் கத்திக்காரன்:
வேண்டாம் அண்ணா. கவாத்து என்பது உயரத்தைக் குறைக்கிற வேலை மட்டும் இல்லை. குனிந்து செடிக்குள் பார்த்து, பட்டுப்போன வாது (கிளை), ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வாது, முடிச்சு விழுந்த வாது எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். வெட்டு உள்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் தண்ணீர் நிற்கும். இயந்திரம் இதில் எதையும் பார்க்காது, ஒரே மட்டத்தில் அறுத்துக்கொண்டு போகும். பக்கத்துத் தோட்டத்தில் போன வருஷம் அப்படி அறுத்த செடிகளை நானே தொட்டுப் பார்த்தேன். வாது நுனி நார் நாராகக் கிழிந்திருந்தது. அந்த வழியாக மழை இறங்கி உள்கட்டை அழுகும். தாத்தா நட்ட செடி, நம் பேரன் காலத்திலும் கொழுந்து கொடுக்க வேண்டியது.

வால்பாறை மெக்கானிக்:
கிழித்தது மழுங்கிய பிளேடு. மழுங்கிய கத்தியும் கிழிக்கத்தான் செய்யும். நான் கேட்பது வேறு: ஆள் எங்கே? ஆகஸ்ட், செப்டம்பரில் முடிக்க வேண்டிய கவாத்து, ஆளுக்குக் காத்திருந்து நவம்பருக்குப் போனால், புதுத்துளிர் வரும்போது நீலகிரியில் உறைபனி. கருகிப்போகும். கத்தியோடு ஒருவர் ஒரு வாரம் வெட்டுகிற இடத்தை நாங்கள் இரண்டு பேர் ஒரு நாளில் முடித்திருக்கிறோம். செங்குத்துச் சரிவில் மட்டும் நான் ஏற மாட்டேன். சறுக்கினால் பிளேடு காலில்தான்.

குன்னூர் கத்திக்காரன்:
உறைபனி பற்றிச் சொன்னது சரி. ஆனால் அறுத்த பிறகு உள்ளே சுத்தம் செய்ய, தடித்த வாதுகளை மறுபடி சாய்த்து வெட்ட ஆள் வேண்டுமே. அந்தக் கூலியையும் வாடகையோடு சேருங்கள்.

வால்பாறை மெக்கானிக்:
சேர்த்துத்தான் சொல்கிறேன். அதற்குச் செடிக்கு நாலைந்து வெட்டு போதும்.

குன்னூர் கத்திக்காரன்:
எந்த நாலைந்து என்று தெரிந்த ஆள்தானே இல்லை என்கிறீர்கள்?

கோத்தகிரி சிறுவிவசாயி:
அந்த இரண்டு பெரியவர்களிடம் இன்று கேட்டேன். நாள் முழுக்கக் குனிந்து வெட்ட முடியாது, இயந்திரத்துக்குப் பின்னால் வந்து எதை எடுக்க வேண்டும் என்று காட்டுகிறோம் என்றார்கள். கீழ்க்காட்டில் அப்படிச் செய்கிறேன். மேல்சரிவு அடுத்த வருஷம்.

குன்னூர் கத்திக்காரன்:
எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. செய்வதென்றால், முதலில் பென்சில் தடிமன் வேர் ஒன்றை வெட்டி அயோடின் விட்டுப் பாருங்கள். கருநீலமாக மாறவில்லை என்றால் மாவுச்சத்து போதாது. அப்போது கத்தியானாலும் செடி தாங்காது.