இழை: டெட்டனேஷனுக்குத் தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.
ராக்கெட்டின் திட உந்துபொருள்களின் வெடி ஆபத்து பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். டிஃப்ளகிரேஷன், டெட்டனேஷன் இரண்டுக்கும் என் கையிலுள்ள அகராதி ‘வெடித்தல்’ என்கிறது. பாடமே அந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. முன்னதில் எரிமுனை ஒலியைவிட மெதுவாக நகரும். பின்னதில் அதிர்ச்சி அலை ஒலியை முந்தி, நொடிக்குப் பல கிலோமீட்டர் பாயும். வரைவில் இப்படி எழுதியிருக்கிறேன்: “பாளத்தில் வெடிப்பு இருந்தால் வெடிப்பு நேரலாம்.” முதலாவது, உந்துபொருள் கட்டியில் விழும் விரிசல்; இரண்டாவது டெட்டனேஷன்! மெய்ப்பு பார்த்தவர் ஒன்றை அடித்துவிட்டார்.

—

ஐயா, விரிசலை விரிசல் என்றே எழுதுங்கள், பாதித் தொல்லை தீரும். டெட்டனேஷனின் லத்தீன் வேர் இடிமுழக்கம். நமக்குத்தான் இடிக்கு ‘உரும்’ இருக்கிறதே, ‘உருமெரி’ எனலாம். புலி உறுமுவதும் இதே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். இடையினம் வல்லினமான கதையைத் தனி மடலில் எழுதுகிறேன்.

—

வேண்டாம் அம்மா. உருமெரி என்றால் இடி விழுந்து எரிந்தது என்றுதான் மாணவர் நினைப்பார். அதிர்ச்சி அலை புழக்கத்தில் உள்ள சொல். அதையொட்டி ‘அதிர்வெடிப்பு’; மற்றதற்கு ‘விரைவெரிவு’.

—

அதிர்வு, விதிர்ப்பு இரண்டுக்கும் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் நடுக்கம். இங்கே நடுங்குவது எது?

—

நடுங்குவது நாங்கள்தான்! உந்துபொருள் எவ்வளவு எளிதில் டெட்டனேஷன் ஆகும் என்று பார்க்கும் இடைவெளிச் சோதனையில் தூண்டு வெடிமருந்துக்கும் மாதிரிக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அட்டைகளை அடுக்குவோம். அடியிலுள்ள எஃகுத் தகட்டில் சுத்தமாக ஓட்டை விழுந்தால் டெட்டனேஷன். வளைந்ததோடு நின்றால் இல்லை. 70 அட்டை இருந்தும் ஓட்டை விழுந்தால் ஆபத்துப் பிரிவு 1.1, மொத்தமாக வெடிக்கும் வகை என்பது பழைய கணக்கு. அம்மோனியம் பெர்குளோரேட்டை ரப்பரில் பிணைத்தவை பெரும்பாலும் 1.3, அதாவது தீ ஆபத்து. நைட்ரோகிளிசரினோ எச்எம்எக்ஸ் என்ற வெடிமருந்தோ கூடினால் 1.1 பக்கம் சாயும். தகட்டைப் புரட்டிப் பார்க்கும்போது எங்கள் வாயில் வருவது ‘டெட்’தான். ஒலிபெயர்ப்பே போதும்.

—

ஒலிபெயர்த்தால் இரண்டும் ‘டி’, ‘டெ’ என்று தொடங்கும். தேர்வறையில் மாணவர் மாற்றி எழுதுவார். அபாயக் குறிப்பில் அது விளையாட்டல்ல.

—

எல்லாம் கேட்டபின் அதிர்வெடிப்பு, விரைவெரிவு என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ஒலிபெயர்ப்பும் வரும். ஒன்று மீதி: ‘விரைவெரிவு அதிர்வெடிப்பாக மாறல்’ அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. சுருக்கித் தருவோர் உண்டா?

—

‘உருமாற்றம்’! உரும் ஆக மாற்றம். இப்போதாவது ஒப்புக்கொள்ளுங்கள்.